மூடிமேல் ஒரு கை

பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டி நேரம் சொல்பவள் அவள். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பேர் ஒலிபெருக்கி. அவள் மகளுக்கு நாலு வயசாகியும் ஒரு சொல் வரவில்லை. நடையும் தாமதமாகத்தான் வந்தது. “தானா பேசிடுவா, விடு” என்றாள் நாத்தனார். “தானா வர்றதுக்கு அது என்ன பல்லா?” என்று ஒலிபெருக்கி கேட்டுவிட்டு, பேச்சுப் பயிற்சி தருகிற இடத்துக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கே குழந்தை தண்ணீர் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், ஒலிபெருக்கி மூடியைத் திறந்துவிட்டாள். “தண்ணியா? இந்தா தங்கம், மெதுவா குடி.”

பயிற்சியாளர் அம்மா சிரித்துவிட்டார். “அவ கேக்கறதுக்கு நீங்க எங்கங்க இடம் விட்டீங்க? சொல் வர நாளாகலாம். முதல்ல கை கேக்கட்டும். மூடியை இறுக்கி மூடிக் கொடுத்துட்டுச் சும்மா இருங்க.”

சும்மா இருப்பதா! அவளுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஆளும் இல்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் பிஸ்கட் டப்பாவை இறுக்கி மூடி மகள் முன்னால் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை டப்பாவை உருட்டியது, தட்டியது, சிணுங்கியது. கடைசியில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து மூடிமேல் வைத்து, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த கணவர், “பிஸ்கட்டா செல்லம்? அப்பா தர்றேன்” என்று ஓடிவந்தார்.

“உஷ்!” என்றாள் ஒலிபெருக்கி. “குறுக்கே பேசாதீங்க. அவ பேசிக்கிட்டிருக்கா.”