பார்த்தவர்கள் பட்டியல்

"மூணு நாளா எனக்கு வயிறு..." என்று பெரியவர் தொடங்குவதற்குள் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஓர் உள்ளங்கை உயர்ந்துவிடுகிறது.

"வயிறெல்லாம் டாக்டர்கிட்ட. எனக்குப் பொறந்த தேதி போதும்."

பெரியவருக்கு முகம் சுண்டிவிடுகிறது. வீட்டிலும் யாரும் கேட்பதில்லை, இங்கேயும் கேட்பதில்லை என்றால் அந்த வயிறு எங்கேதான் போகும்? ஆனால் வரிசையில் நிற்கும் ஏழு பேருக்கு அவருடைய வயிற்றுச் சமாச்சாரம் தெரியாமல் போனது அந்தக் கையால்தான். கிளினிக்குக்கு வருகிறவர்கள் அந்தக் கைக்குரியவளுக்கு வைத்திருக்கும் பெயர் தேதியம்மா.

பதினெட்டு வருஷ வேலை. முன்பெல்லாம் கூரை உயரத்துக்கு அட்டைக் கோப்புகள் இருந்தன. இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் ஒருவரின் நோய்க்கதை முழுக்க எந்த ஆஸ்பத்திரியிலும் திறந்துகொள்கிறது. அதனாலேயே அவள் வாய் இன்னும் இறுகிவிட்டது. கடையில் எதிரே வரும் நோயாளியை, அவராகச் சிரித்தாலொழிய, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள். சொந்தக்காரர்கள் வந்தால் பக்கத்து இருக்கைக்காரியிடம் தள்ளிவிட்டு, அந்நேரம் பார்த்துப் பிரிண்டருக்குக் காகிதம் போடப் போய்விடுவாள். சரியான அழுத்தக்காரி.

இப்படிப்பட்டவள்மீதுதான் கூடப்பிறந்த அக்காளுக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கிளினிக்கில் அக்காள் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கிய விஷயம் ஒரே வாரத்தில் குடும்பம் முழுக்கப் பரவியதும், "கம்ப்யூட்டரப் பாத்து ஊதிட்டே இல்ல?" என்று கேட்டவள், அதன்பிறகு ஒன்றரை வருஷம் பேசவே இல்லை. தன் பதிவை வெளி ஆஸ்பத்திரி எதற்கும் காட்டக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவு ரோஷம். தேதியம்மா வாதாடவில்லை. ஆனால் மனசு வலித்தது, ரொம்பவே வலித்தது.

போன மாதம் வெளியூரில் பஸ் படியில் தவறி விழுந்து அக்காளுக்குத் தலையில் அடி. நினைவில்லை. ஆபரேஷனுக்குத் தயாரான டாக்டர்கள், அங்கே அவள் பதிவு திறக்காததால், வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். அவள் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேதியம்மாவுக்குப் போன் போட்டார்.

"வெள்ளையா, சின்னதா இருக்கும்... நீ பாத்துச் சொல்லிடும்மா. ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷம்கூட ஆகாது. விரல்கள் விசைப்பலகைமேல்தான் இருந்தன.

"லைன்லயே இருங்க மாமா" என்றவள், கதவைக்கூடத் தட்டாமல் டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். அவசரத்துக்குத் திறந்து பார்க்கும் அதிகாரம் டாக்டருக்கு உண்டு. விஷயத்தைச் சொல்லி, போனை அவர் கையில் திணித்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாத்திரை தெரியாமல் கத்தி வைத்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது என்று மாமாதான் பிறகு சொன்னார். அதன் பெயரை அவள் இன்றுவரை கேட்கவில்லை.

இந்த வாரம் அக்காள் கணவரோடு வந்தாள். மழித்த இடத்தில் முடி இப்போதுதான் முளைக்கிறது. நேராகக் கவுண்டருக்கு வந்து, "அன்னிக்கு நீதானே பாத்தே?" என்றாள்.

"நான் பாக்கலக்கா."

"பொய் சொல்லாத. இவரு உனக்குத்தானே போன் போட்டாரு."

"உன் பதிவ யார் யார் பாத்தாங்கன்னு உன் போன்லயே பட்டியல் வரும். நீயே பாரு. நான் இங்க தொறந்தா என் பேரும் அதுல ஏறிடும்."

சொன்னதோடு நிற்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, அலமாரியைப் பார்த்தபடியே வழி சொன்னாள்: "மேல மூணு கோடு இருக்கா? அத அமுக்கு. கீழ போ. இன்னும் கீழ."

அக்காளின் விரல், பதிவு தொடங்கிய நாள்வரை இறங்கியது. டாக்டர். நர்ஸ். பக்கத்து இருக்கைக்காரி. மறுபடியும் டாக்டர். தங்கையின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

"அப்ப தூக்க மாத்திரை விஷயத்த யாருடி சொன்னது?"

தேதியம்மா அலமாரியில் இருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காள் கணவர், சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையைத் திடீரென்று ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்.

அக்காள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டாள். பிறகு கவுண்டர்மேல் எட்டிச் சாய்ந்து, திரும்பி நின்ற தங்கையின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, அவள் கழுத்தில் புரண்டு கிடந்த அடையாள அட்டையைப் பெயர் தெரியும்படி நேராக்கி வைத்தாள்.