தகட்டின் மேல் வைத்த சந்தனம்

ஸ்டெல்லாவின் வேலை என்னால்தான் போயிற்று. அவள் கையில் பிழையில்லை... பிழை என் மோதிர விரலில் இருந்தது!

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பீளமேட்டில் முதலாளி ஒருவர் நடத்தும் சிறிய ஆய்வுக்கூடத்துக்கு நான் பொறுப்பாளன். நூற்பாலைக்கு வரும் பஞ்சில், சாக்குப் பையிலிருந்து பிரிந்த வெள்ளைப் பிளாஸ்டிக் இழைகள் கலந்திருக்கும். கண்ணுக்குப் பஞ்சாகவே தெரியும். பஞ்சு ஓடும்போதே அதைப் பிடிக்க ஒரு கண்ணாடித் தகடு செய்தோம். விரல்நகம் அளவுதான். அதன்மேல் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய தூண்கள் அடர்ந்து நிற்கும். பஞ்சைக் கடந்து வரும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று அவை அக்கணமே பிரித்துக் காட்டும். பிளாஸ்டிக் குறுக்கே வந்தால் அதிர்வு மாறும். திரையில் கோடு துள்ளும்.

அதைக் கருவியில் பொருத்தியவள் என்னிடம் வேலை பார்த்த பொறியாளர், போத்தனூர் ஸ்டெல்லா. "தொட்டுப்போடாதீங்க சார்!" என்று என்னையே விரட்டுவாள்.

ஆயுத பூஜை வந்தது. கணினிக்கும் கதவுக்கும் பொட்டு வைத்தேன். இந்தக் கருவியை மட்டும் விட மனசு கேட்கவில்லை! மூடியைத் திறந்து, தகட்டின் ஓரத்தில் துளிச் சந்தனம்... வழிந்துவிட்டது. பதறிப்போய் வேட்டி நுனியால் துடைத்தேன். தூண்கள் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மூடிவைத்தேன்.

மில்காரர்கள் பார்க்க வந்த அன்று கோடு தாறுமாறாக ஆடியது. சுத்தமான பஞ்சையே பிளாஸ்டிக் என்றது. ஸ்டெல்லா தகட்டைக் கழற்றி நுண்நோக்கியில் பார்த்தாள்.

"மஞ்சளா ஏதோ அப்பியிருக்குதுங்க சார்."

"நீங்க பொருத்துனதுதான் சரியில்லீங்க அம்மணி," என்றேன்.

எத்தனை மரியாதை, பாருங்கள்! ஒரு 'ங்க' குறையவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? படித்தவன் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்... வேறென்ன! முதலாளி என் பேச்சை நம்பினார். அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்.

போன வாரம் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அவளே பேச்சை எடுத்தாள்.

"அது சந்தனமுன்னு அன்னைக்கே தெரியுமுங்க சார். நான் சொன்னா, சர்ச்சுக்குப் போறவ பூஜையைக் குத்தஞ் சொல்றாங்கற மாதிரி ஆயிப்போயிருமுங்க. அதான் கம்முனு இருந்துட்டனுங்க. வச்சது ஆருன்னுதான் தெரியலீங்க."

இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்குமா? வாயைத் திறந்தேன்...

"எனக்கும் தெரியலீங்களே அம்மணி."

போத்தனூர் பேருந்து வந்தது. "போயிட்டு வாரனுங்க சார்," என்று சிரித்தபடி ஏறிக்கொண்டாள். நானும் கையசைத்தேன்... அதே கையை!