சலூன் சொடக்கு

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன் நான். பிழைகள் அதனால் வருகிறவை. கோணலுக்குக் காரணம் வேறு. போன வருடம் வரை நேராகத்தான் எழுதினேன்.

இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்து வேலை. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டித் தலையில் தூக்கி, சரிவேறி லாரிக்குக் கொண்டுபோவோம். மழையில் நனைந்த கொழுந்து கழுத்தை உள்ளே இறக்கிவிடும். கழுத்து வலி இல்லாத சுமைக்காரன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஞாயிற்றுக்கிழமை சலூன்தான். சவரம் முடிந்ததும் கடைக்காரர் மோவாயையும் பின்மண்டையையும் பிடித்து வெடுக்கென்று திருப்புவார். சொடக்கு பெரிதாகக் கேட்டால், பெஞ்சில் இருப்பவர்கள், "பாரம் இறங்கிருச்சுடே" என்பார்கள். சாயங்காலம் வரை சுகமாக இருக்கும்.

பிறகு சட்டைப் பொத்தான் விரலில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. கை மரத்தது. குளிர் என்று நினைத்தேன். ஒரு நாள் வேலை விட்டு வரும்போது மனைவி வாசலில் நின்று சிரித்தாள்.

"ஏங்க, ஒத்தச் செருப்போட எங்க போயிட்டு வாறிய?"

குனிந்து பார்த்தேன். செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது, காலுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் மலையாளத்து டாக்டரம்மா என் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாக மடங்கியது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் சிரிக்காமல் மறுபடி சுண்டினார். ஸ்கேன் வந்தபின் சொன்னார்:

"வெறும் வலின்னா மருந்தும் பயிற்சியும் மதி, அது போதும், சேட்டா. இது அப்படி இல்ல. எலும்பு தேஞ்சு உள்ள பெரிய நரம்ப அமுக்குது. ஆபரேஷன் வேணும். போன பலம் முழுக்கத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். மேல போகாமத் தடுக்கலாம். அதுவரைக்கும் தலைச்சுமை வேண்டா. கழுத்த யாரையும் திருப்ப விடாதீங்க. ஒரு திருப்புல கையும் காலும் விழுந்துரலாம், கேட்டோ."

இன்று காலை, ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுக்குமுன் சவரத்துக்குப் போனேன். திருப்ப வேண்டாம் என்று சொல்வதற்கு வழியெல்லாம் பழகிக்கொண்டே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன், பெஞ்ச் நிறைய ஆட்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சவரம் முடிந்தது. கண்ணாடியில் என் மோவாய் கடைக்காரர் கைக்குள் போவதைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்கள் அதன்மேல் ஈரத்துணிபோலக் கிடந்தன.

"தளர விடுங்கண்ணே," என்றார்.

"வேண்டாம்." காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். கையை எடுத்தார்.

"என்னண்ணே, பயந்துட்டியளா?"

"புது மாப்பிள்ளைல்லா, கூச்சம்," என்றது பெஞ்ச்.

அடுத்து உட்கார்ந்தவன் என்னோடு சாக்குத் தூக்குகிறவன். வலது கையை மூடி மூடித் திறந்து, விரல்களில் ஊதிக்கொண்டிருந்தான். "மலைக்குளிரு, கை மரத்துப் போகுது. எனக்கு அண்ணன் பங்கையும் சேத்துப் போடு," என்றான்.

நான் வாசற்படியில் நின்று திரும்பினேன். வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் சொடக்குச் சத்தம் கேட்டது. அவன் எழுந்தான். பணம் கொடுத்தான். சில்லறை அவன் விரலிடுக்கில் நழுவித் தரையில் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும்.

அதனால்தான் லயத்தில் எல்லோருக்குமாக எழுதுகிறேன், முதலில் அவனுக்கு. பொழுது சாய்வதற்குள் என் மனைவி இதை அவன் வீட்டில் கொடுத்துவிடுவாள். அவன் என்னைவிட நன்றாக வாசிப்பான்.

ஐப்பசி 22, ஞாயிற்றுக்கிழமை.