முத்துமாரியின் பெயருக்கு எதிரே நான் எழுதியது

நடந்தது இதுதான்:

1. சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியின் சோதனை லேபில் நானும் முத்துமாரியும் வேலை பார்க்கிறோம்.

2. விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து தீப்பற்றியதில் அவளுடைய அம்மாவின் கை வெந்துபோனது. பத்து நாள் நான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனேன்.

3. யாரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல நினைக்கிறோமோ அந்தத் தோழிகளின் பட்டியலை எங்கள் சபை வாலிபர் குழுவில் கேட்டார்கள். முத்துமாரியின் பெயருக்கு எதிரே, “அம்மாவுக்குத் தீக்காயம். மனம் இளகியிருக்கிறாள். பேச ஏற்ற நேரம்” என்று எழுதினேன்.

4. சபைக் குழுவுக்குப் போகவேண்டிய அதை அவசரத்தில் தவறுதலாக லேப் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் என் மேசைக்கு வந்தாள்.

“ஏட்டி, எங்கம்மா கை வெந்தது ஒனக்கு ஏத்த நேரமா? கொண்டாந்த அம்புட்டுச் சோறும் இதுக்குத்தானா?”

“இல்ல மாரி...”

“நீ எழுதுனதுதானே?”

நான் எழுதியதுதான். முதல் நாள் சோறு கட்டும்போது அப்படி நினைக்கவில்லை. எந்த நாளிலிருந்து நினைக்கத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் கூச்சமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

இப்போது நான் யாரைப் பற்றியும் பட்டியல் எழுதுவதில்லை. ஜெபத்தில் தோழிகளின் பெயரைச் சொல்கிறேன்; என் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் சொல்கிறேன். முத்துமாரி என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள்.