பெட்டிக்கும் ஒரு நாள் ஓய்வு

போன கிழமை நெளுக்குளத்துக் கடையொன்றுக்கு அடையாள அட்டையைப் பிரதி எடுக்கப் போனேன். போட்டோக்கொப்பி மெசினுக்கு மஞ்சள் துணி போர்த்து, மேலே சந்தனப் பொட்டும் ஒற்றைச் செவ்வரத்தம் பூவும் வைத்திருந்தார்கள்.

“இண்டைக்கு எடுக்கேலாது அண்ணை. மெசின் பூசையில,” என்றார் கடைக்காரப் பெண்.

“நாளைக்கு மறக்காமல் போட்டுவிடுங்கோ.”

“இதை மறந்தா நான் என்னத்தைச் சாப்பிடுறது?”

நியாயமான பதில். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தன வாசம் மூக்கில் இருந்தது. எனக்கு அந்த வாசம் ஒத்துவருவதில்லை. பக்திமான்கள் கோபிக்க வேண்டாம். பிழை கடவுள் மேல் இல்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மல்லாவியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காணிப் பத்திரங்களைத் தொலைத்தவர்களின் வயலுக்கே போய், அயலவர்களை எல்லையில் நடக்க வைத்து, அவர்கள் சொல்வதை வீடியோ எடுத்து வைப்பதுதான் அங்கே வேலை. அந்த வீடியோக்கள் எல்லாம் ஒரு கறுப்புச் சேர்வரில் சேரும். நாங்கள் அதைப் பெட்டி என்போம். அதற்குள் ஒரு பக்அப் சேவை ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மத்தியானமும் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நேரத்தில், புதிதாக வந்த வீடியோக்களை வவுனியாக் கிளையிலிருந்த இன்னொரு பெட்டிக்கு அது பிரதி எடுத்து அனுப்பும். அதைக் கவனிப்பது என் பொறுப்பு. ‘தரவுப் பாதுகாப்பு அலுவலர்’ என்று விசிட்டிங் கார்டும் அடித்துத் தந்தார்கள். மிஞ்சிய கார்டுகளின் பின்பக்கத்தில் என் மனைவி இன்னும் கடைச் சாமான் எழுதுகிறார்.

ஊர் ஊராகப் போய்ப் பேசவும் விட்டார்கள். “ஒரு பத்திரம் ரெண்டு இடத்தில இருக்கவேணும். அப்பதான் அது இருக்கு எண்டு சொல்லலாம்,” என்று ஒரு கூட்டத்தில் முழங்கினேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழும்பினார்.

“தம்பி, எங்கட ரெண்டு இடமும் ஒண்டாத்தான் போனது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு இடப்பெயர்விலும் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு ஓடிய சனத்துக்குத்தான் நான் வகுப்பெடுத்துக்கொண்டு திரிந்தேன்.

வற்றாப்பளைக்குப் போகும் பஸ் பாதையோரம் இருந்த காசிம் நானாவின் வயலுக்கு நானே கமெரா பிடித்தேன். எங்கள் கமெராக்காரருக்கு அன்று காய்ச்சல். நானா, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோடு போய்ப் பல வருடங்கள் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். பக்கத்து வயல்காரர் பொன்னம்பலம் அண்ணை, குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பற்றைக்குள் மறைந்திருந்த வரம்பைக் காலால் தடவித் தடவி நடந்தார். ஒரு மருதமரத்தடியில் நின்று குதிக்காலால் நிலத்தை இடித்தார்.

“இதிலயிருந்து வாய்க்கால் மட்டும் காசிமின்ர. எழுதும்.”

“எழுதேல்லை அண்ணை, படம் எடுக்கிறன்.”

“அப்ப இதையும் எடும். ஒவ்வொரு போகமும் வரம்பு கட்டேக்க இவன் ஒரு சாண் என்ர பக்கம் வருவான்.”

“நான் வரேல்லை,” என்றார் நானா. “வரம்பு தானா நடந்தது.”

“ஓம், உன்ர மண்வெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நடந்தது!”

நான் சிரித்ததில் படம் ஆடிவிட்டது.

இதெல்லாம் நடந்தது வாணி விழா முடிந்த அடுத்த கிழமை. இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போக விருப்பமில்லை.

எங்கள் மனேஜர் ஆயுத பூசையில் கண்டிப்பானவர். வாகனத் திறப்புக் கொத்து, கமெரா, அளவு நாடா, ரப்பர் முத்திரை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வந்தன. பெட்டியைத் தூக்க முடியாது.

“தூக்க வேண்டாம். ஓட்டத்தை நிப்பாட்டும்,” என்றார். “அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்தானே?”

நான் பகுத்தறிவு பேசுகிறவன். இரண்டு நிமிடம் பேசினேன். பிறகு பக்அப் சேவையை நிறுத்தினேன். அதையும் ஒழுங்காகச் செய்தேன் பாருங்கள்: மின்சாரம் போய் வந்தால் சேவை தானாகவே தொடங்கிவிடுமே, பூசைக்கு நடுவில் அது நல்லதல்லவே என்று, தானாகத் தொடங்காதபடியும் மாற்றிவைத்தேன். விஜயதசமியன்று சாரதி திறப்பை எடுத்தார், கமெராக்காரர் கமெராவை எடுத்தார். என்னுடையதைக் கையால் எடுக்க முடியாது. பெட்டியில் பச்சை விளக்குகள் வழக்கம்போல மினுங்கின. நெற்றியில் சந்தனத்தோடு அதைப் பார்த்துத் திருப்தியாகச் சாப்பிடப் போனேன்.

மாசியில் பொன்னம்பலம் அண்ணை மாரடைப்பில் போனார். சித்திரையில் இடி விழுந்து பெட்டி கருகியது. நான் பதறவில்லை. இதற்காகத்தானே நான் என்று வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே கடைசியாக வந்திருந்த வீடியோ, பூசைக்கு முதல் நாள் எடுத்தது. நிறுத்திய சேவையை நான் திரும்பத் தொடக்கவேயில்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. மற்றவர்களை “சத்தம் தெளிவா வரேல்லை” என்று திரும்பக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுத்து முடித்தேன். பொன்னம்பலம் அண்ணையை எங்கிருந்து கூப்பிடுவது?

வைகாசியில் நானா வந்தார்.

“தம்பி, காணிக் கச்சேரி வருது. அந்த வீடியோவை ஒருக்காத் தாங்கோ.”

“அது கொழும்புக்குப் போட்டுது நானா. தலைமை அலுவலகம் கேட்டது.”

எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் இதைவிட நம்பக்கூடிய பொய் கிடையாது. கொழும்புக்குப் போன பத்திரம் திரும்பாது என்பது குழந்தைக்கும் தெரியும். நானா தலையாட்டிவிட்டுப் போனார். நான் மூச்சு விட்டேன்.

அவர் கொழும்புக்கே போவார் என்று யார் கண்டது? பத்து நாள் கழித்து ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு வந்து நின்றார்.

“நல்ல ஆக்கள் தம்பி. உங்கட பேரைச் சொன்னன், கதிரை போட்டு இருத்திச்சினம். அலுமாரியெல்லாம் திறந்து தேடினவை. கிடைக்கேல்லை. இது உங்கட பிள்ளையளுக்கு.”

வாங்கினேன். சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காணிக் கச்சேரி என்பது அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் காணிப் பிணக்கை விசாரிக்கும் நாள். பொன்னம்பலம் அண்ணையின் மருமகன் எல்லை மருதமரத்துக்கு நானாவின் பக்கம், வாய்க்காலோரத் துண்டு தங்களுடையது என்றார். அவர் கெட்டவர் அல்ல. மாமனார் அவரிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கமெராவிடம் சொல்லியாயிற்றே என்று இருந்திருப்பார்.

“வீடியோ இருக்கு ஐயா, கொழும்பில,” என்றார் நானா. “இந்தத் தம்பிதான் எடுத்தவர்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அந்த மனுசன் எல்லை எது எண்டு சொன்னவர்?”

மருதமரம், குதிக்கால், வாய்க்கால். ஒரு சொல் விடாமல் என் காதில் இருந்தது. அந்த வீடியோவுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதி நான்தான். ஆனால் வாய் திறந்தால் அடுத்த கேள்வி, வீடியோ எங்கே என்பது.

“நான் கமெராதான் ஐயா பிடிச்சனான். கதையைக் கவனிக்கேல்லை.”

நானா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி எனக்காகப் பேசினார்: “படம் எடுக்கிற ஆளுக்குக் கண்ணிலதானே ஐயா வேலை. காது எப்பிடிக் கேக்கும்?”

வாய்க்காலோரத் துண்டு மருமகனுக்குப் போயிற்று. மற்றவன் வயலைத் தாண்டித் தண்ணீர் எடுத்து இரண்டு போகம் பார்த்த நானா, மிச்சத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டுப் புத்தளத்துக்குத் திரும்பினார். போகுமுன் வந்து, வீடியோ கிடைத்தால் அனுப்பச் சொல்லித் தொலைபேசி எண்ணைத் தந்தார். அதற்கு அழைக்கத் துணிவு வந்த வருடம் அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் மூன்று மொழியில் சொன்னது.

அலுவலகம் மூடியாயிற்று. மருதமரத்தைத் தறித்துவிட்டார்கள். வரம்பையும் உழுது ஒரே வயலாக்கிவிட்டார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒவ்வொரு வருடமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறேன். போன முறை பக்கத்தில் இருந்தவர் யன்னலால் பார்த்துவிட்டு, “என்ன பெரிய வயலப்பா, ஒரே ஆளின்ர போல,” என்றார்.

“ஓம்,” என்றேன்.