சாய்கிற படகு

உட்காரும் முன் மேசையின் மூலையில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து. ஆடினால், கைப்பையிலிருந்து மடித்த அட்டைத் துண்டு ஒன்று வெளியே வரும். குனிந்து, எந்தக் கால் குட்டை என்று கண்டுபிடித்து, அதன் அடியில் செருகிவிட்டு, மறுபடி ஓர் அழுத்து. அதற்குப் பிறகுதான் தேநீர். டீக்கடையானாலும் சரி, மருத்துவமனையின் காத்திருப்பு அறையானாலும் சரி, உறவுக்காரர் வீடானாலும் சரி, இத்தனை வருடங்களில் இந்த முறை மாறியதில்லை.

படகுத்துறையில் வேலை செய்கிறவர்கள் அக்காவுக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்க்கிறாரே, அதே ரசமட்டம்தான். முதலில் முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ரசமட்டம். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று தெரிந்த பிறகு முகத்துக்கு நேரேயே ரசமட்டம் அக்கா.

"ஆடுற மேசையில வச்ச டீ எனக்கு உள்ள இறங்காது," என்பார். அவர் தரும் விளக்கம் அவ்வளவுதான்.

விடுமுறைக்குப் படகு வாடகைக்கு விடும் நிறுவனத்தில் முன்மேசை வேலை. துறையை ஒட்டிய ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டிப்போட்ட படகுகளின் பாய்மரங்கள் அதன் வழியே மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அக்கா அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவார். எதிர்ச் சுவரில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிகள் வரிசையாகத் தொங்கும்; காய்ந்தும் காயாத துணியின் வாடை அறையை விட்டுப் போகவே போகாது.

குடும்பத்தோடு சில நாள் கடலில் சுற்றிவரலாம் என்று வருகிறவர்களுக்கு முதல் குழப்பம், எந்தப் படகை எடுப்பது என்பதுதான். இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒடுக்கமான இரண்டு உடல்களை அருகருகே வைத்து மேலே அகலமாகத் தளம் போட்ட கேட்டமரன். நம் கட்டுமரத்திடம் பெயரை வாங்கிக்கொண்டு போய், மெத்தையும் குளியலறையுமாகத் திரும்பி வந்திருக்கிறது. மற்றது ஒற்றை உடல் பாய்மரப் படகு. அடியில் ஈயக் கனம், மேலே உயரமான பாய். காற்று பிடித்தால் ஒருக்களித்துக்கொண்டு ஓடும். துறைப் பேச்சில் ஒன்று டபுள், மற்றது சிங்கிள்.

அக்கா எதையும் மறைக்கமாட்டார். டபுளில் இடம் தாராளம், கரைக்குக் கிட்டே போய் நிற்கும், நங்கூரம் போட்ட பிறகு உருட்டாது; வாடகைதான் கூடுதல். சிங்கிளில் அறைகள் ஒடுக்கம், வாடகையும் குறைச்சல். ஆனால் காற்றின் இழுப்பு சுக்கான் பிடித்த கைக்கு நேரே வந்து சேரும். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு வலது கையை நீட்டுவார். உள்ளங்கை கீழ்நோக்கி, பலகைபோலத் தட்டையாக.

"டபுள் இப்படிப் போகும்."

பிறகு அதே கை சாயும். சாய்ந்து சாய்ந்து, சுண்டுவிரல் மேசையைத் தொட்ட பிறகுதான் நிற்கும்.

"சிங்கிள் இப்படிப் போகும்."

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

"கவிழாதுங்க. அடியில கனம் இருக்கு. தானா நிமிந்துரும்."

அதற்குள் எதிரே நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு முகம் வெளுத்திருக்கும். அக்கா தேடுவது அந்த ஒருவரைத்தான். "நாலு பேரு போறாங்கன்னா, அதுல யாரு அதிகமா பயப்படுறாங்களோ அவங்களுக்காகத்தான் படகு எடுக்கணும். மத்தவங்களுக்கு எதுல போனாலும் கடல் கடல்தான்."

போன பருவத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு. கணவனுக்கு சிங்கிள்மேல் கண். தம்பிக்கு டபுள்.

"மாமா, டபுள்னா நம்ம வீட்டு சோபாவுல உக்காந்த மாதிரியே போகலாம்."

"அந்த சோபா வீட்லயேதான இருக்கு மச்சான். அதை விட்டுட்டு எதுக்கு இவ்ளோ தூரம் வந்தோம்?"

"ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுட்டுச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "எனக்கு எதுன்னாலும் சரி."

அக்கா ஆண்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. கை சாயத் தொடங்கியபோது அந்தப் பெண்ணின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்ததைத்தான் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"அந்தச் சாயறது மட்டும் வேண்டாமே."

முடிந்தது. "சரி, சோபாவே குடுங்க," என்று கணவன் சிரித்தான். பையைத் தூக்கும்போது கண்ணாடி வழியே ஒரு தடவை வெளியே பார்த்தான். அக்காவும் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டார்.

நிறுவனத்தின் படகோட்டிக்கும் அக்காவுக்கும் இந்தக் கையை வைத்து ஓயாத வம்பு.

"அக்கா, உங்க கை சாயற அளவுக்கு எந்தப் படகும் சாஞ்சதில்ல. அப்படிச் சாஞ்சா நான்தான் மொத ஆளா குதிப்பேன்."

"நீ குதிச்சுக்குவ. உனக்கு நீச்சல் தெரியும்."

கைக்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி எல்லோரையும் ஒரு சிங்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். காற்று கொஞ்சம் முரட்டுக் காற்று. படகு சாய்ந்ததும் அக்கா இருக்கையிலிருந்து வழுக்கி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கணக்கர் மடியில் போய் விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். உதட்டைக் கடித்ததில் இரத்தம் வந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று கண்ட சாய்வுதான் கையில் தங்கிவிட்டது.

அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனின் இன்ஜின் அவருடைய இருக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார், யார் எது கேட்டாலும் ஒரு தடவை "ஆங்?" என்பார். ஆசை என்று அவர் வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"வாழ்நாள் பூரா இன்ஜினக் கட்டிக்கிட்டே உக்காந்திருக்கேன். ஒரே ஒரு நாள் சத்தமில்லாம எங்கயாவது போகணும். அந்த சாயற படகுல இன்ஜினையே அணைச்சிருவாங்களாமே?"

அதற்கு வழியும் இருந்தது. பருவம் முடிந்ததும், படகுகளைக் கரையேற்றும் முன், ஊழியர் ஒவ்வொருவருக்கும் குடும்பத்தோடு ஒரு நாள் படகு இலவசம். எந்தப் படகு என்பது அவரவர் விருப்பம். ஒவ்வொரு வருடமும் கணவர் கேட்பார், இந்தத் தடவையாவது சிங்கிள் சொல்லேன் என்று. ஒவ்வொரு வருடமும் அக்கா கையை நீட்டிச் சாய்த்துக் காட்டுவார். பாப்பா சின்னவள், அடுத்த வருடம். உங்க அம்மாவுக்கு முட்டி வலி, அடுத்த வருடம். காற்று சரியில்லை, அடுத்த வருடம்.

"சரி, உனக்கு எது வசதியோ," என்பார் கணவர். சண்டை போடத் தெரியாத மனிதர்.

டபுளிலும் பாய் உண்டு. ஆனால் அக்கா ஏறியிருக்கும் நாளில் அதை யாரும் விரிப்பதில்லை. இரண்டு இன்ஜினும் ஓடிக்கொண்டே இருக்கும். கணவர் முன்பக்கத்தில் இரண்டு உடல்களுக்கும் நடுவே கட்டிய வலையில் போய்ப் படுத்துக்கொள்வார். அங்கே சத்தம் கொஞ்சம் கம்மியாம். "கடலுக்கு வந்தும் வேன்லதான் போறோம்," என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த வருடம் மகள் விடுப்பில் வந்திருந்தாள். படித்து முடித்து வெளியூரில் வேலை பார்க்கிறவள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அப்பா இந்த வருஷம் படகப் பத்திக் கேக்கவே இல்லையே."

அக்கா யோசித்துப் பார்த்தார். போன வருடமும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் கேட்டாரா? நினைவுக்கு வரவில்லை. கேட்காமல் விட்டதை அதுவரை நிம்மதி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் படகோட்டியிடம் போனார். "ஒரு சிங்கிள் ஒதுக்கி வை."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

அவன் பிடித்திருந்த கயிற்றைக் கீழே வைத்தான். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார் அக்கா.

"எதுக்கும்மா? டபுளே போட்டுரு."

"நீங்கதானங்க கேட்டுட்டே இருந்தீங்க."

"அது அப்போ."

"இப்போ என்ன வந்துச்சு?"

கணவர் கையை நீட்டினார். உள்ளங்கை கீழ்நோக்கி, தட்டையாக. பிறகு அது சாய்ந்தது. சாய்ந்து சாய்ந்து, சுண்டுவிரல் மேசையைத் தொட்டது. "இப்படில்ல போகும்?"

"அவ்வளவு சாயாதுங்க," என்றார் அக்கா.

"நீதான இப்படிக் காட்டுவ?"

"நான் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுவேன்."

"அப்ப சரியா எவ்வளவு சாயும்? காட்டு பாப்போம்."

அக்கா கையை நீட்டினார். பாதியில் நிறுத்தப் பார்த்தார். வருடக்கணக்காகப் பழகிய கை, பாதியில் நிற்கவில்லை.

பயந்தவர் பக்கம் நின்றது தப்பா? தப்பென்று அக்காவால் இப்போதும் சொல்லிவிட முடியவில்லை. ஆனால் முன்மேசைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பயத்தோடு வந்தார்கள், எத்தனை பேருக்குப் பயத்தைத் தன் கையே கொடுத்தனுப்பியது என்று இப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை. வீட்டுக்குள் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்த மனிதர் வரும்போது ஆசையோடுதான் வந்தார்.

அக்காவும் மகளும் எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். மகளும் வந்தாள். நல்ல வெயில், நல்ல காற்று. துறையைத் தாண்டியதும் படகோட்டி பாயை ஏற்றி இன்ஜினை அணைத்தான்.

சத்தம் போயே போய்விட்டது. படகின் வயிற்றைத் தண்ணீர் தடவிக்கொண்டு போவது மட்டும்தான். கணவர் முகத்தை நிமிர்த்தினார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"என்னங்க, கேக்குதா?"

"ஒண்ணுமே கேக்கல," என்றார். அப்படி அவர் சிரித்து அக்கா பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அப்போது காற்று இன்னொரு பிடி பிடித்தது. படகு ஒருக்களித்தது. அக்காவின் இடது கை இருக்கையின் விளிம்பைப் பிடித்தது. ஆனால் பார்த்தார்: கையில் காட்டும் சாய்வில் பாதிகூட இல்லை. மகள் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கூட விழவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா, என்றிருந்தது.

கணவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். மழையிலும் மூடுபனியிலும் வேன் நிறையப் பிள்ளைகளை அலுங்காமல் கொண்டுசேர்த்த கைகள்.

"இன்னும் சாயுமா?"

"இல்லங்க. இவ்வளவுதான். சத்தியமா இவ்வளவுதான்."

அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் மடியிலிருந்த வலது கையைப் பார்த்தார்.

"போதும்மா. இறக்கச் சொல்லு."

"அப்பா, இன்னும் கொஞ்ச நேரம்..." என்று மகள் தொடங்கினாள். அக்கா அவள் முழங்காலில் கை வைத்து நிறுத்தினார். யார் அதிகமாகப் பயப்படுகிறார்களோ அவர்களுக்காகத்தான் படகு. இன்றைக்கு மட்டும் அதை மாற்றிக்கொள்ள அவருக்கு வழி இருக்கவில்லை.

பாய் சரசரவென்று இறங்கியது. இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. படகு நிமிர்ந்து, தெருவில் போகிற வண்டிபோல ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேலே கணவர் கத்திச் சொன்னார்: "மன்னிச்சுக்கம்மா. உன் நாள வீணாக்கிட்டேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடமே மற்றவர் மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டது. சத்தமில்லாத அந்த ஒரு நாள் அப்படியே பாக்கி நிற்கிறது.

படகோட்டி பாயைச் சுருட்டிவிட்டுப் பின்பக்கம் வந்தான். "உறையில போட்டுக் கட்டிரட்டுமாக்கா? இனி ஏத்தப் போறதில்லல்ல."

"இருக்கட்டும். அப்புறம் கட்டிக்கலாம்."

பாயை ஏற்றும் கயிற்றின் நுனி காலடியில் கிடந்தது. அக்கா அதைக் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படகு துறைக்குள் நுழைந்து, கரையோரத்து டயர்களில் இடித்து நின்று, கணவரும் மகளும் இறங்கிய பிறகும் அதை அவர் விடவில்லை.