ஹிசாயோ காட்டிய கடைசி அத்தியாயம்

ஜப்பானின் மத்சுயாமா நகரில் பஸ் ஓட்டும் ஹிசாயோ, தான் வீடியோ கேம் ஆடுவதைப் பதிவுசெய்து இணையத்தில் போடுவாள். ஒரு சின்ன கம்பெனி தன் கதை விளையாட்டுக்கு நிபந்தனை வைத்திருந்தது: மூன்றாம் அத்தியாயம் வரை காட்டலாம், முடிவைக் காட்டக் கூடாது. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் முடிவையும் போட்டாள். அவள் விசும்பி அழுத அந்த வீடியோவை ஊரே பார்த்தது.

ஒசாகாவில் நடந்த வீடியோ கேம் கண்காட்சியில் அந்தக் கம்பெனியின் கடைமுன் அவள் வாயைத் திறந்ததுமே, உள்ளேயிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"இந்தக் குரல்... நீங்க ஹிசாயோ அக்காதானே? அந்தக் கதைய எழுதுனது நான்தான்."

ஹிசாயோ பூரித்துப்போனாள். "அடுத்த கதை எப்ப வருது?"

"வராதுக்கா. முடிவு தெரிஞ்சிருச்சேன்னு யாரும் வாங்கல. கம்பெனிய மூடுறோம்."

ஹிசாயோவின் முகம் எரிந்தது. தலைகுனிந்தாள்.

"நிபந்தனையப் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

"தெரியும்க்கா."

"அப்ப ஏன் அத நீக்கச் சொல்லல?"

"என் கதைக்கு அழுத முதல் ஆள் நீங்க. மனசு வரல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஊர் திரும்பும் ரயிலிலேயே வீடியோவை நீக்கினாள். ஏன் என்று ரசிகர்கள் கேட்டார்கள். "அது என்னோடது இல்ல" என்று எழுதினாள். பெருந்தன்மை என்று அவர்கள் பாராட்டியபோது, கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.